விளக்குக்காரியின் வாக்கும் என்னுடையதும்

அந்த வருஷம் பினாங்கில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பலருக்கும் ஒரே கவலை இருந்தது. விளக்குக்காரி எப்போது வாயைத் திறப்பாள்?

அவளைப் படைத்தது நான் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். சூலியா தெருவில் அச்சுக்கூடம் வைத்து ஒரு வாரப் பத்திரிகை நடத்திவந்த ராவுத்தருக்கு, என் தம்பிக்கு, எனக்கு. பத்திரிகையில் ஓர் ஆணின் பெயர்தான் வந்தது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்து விழாவுக்கு அச்சடித்த தாள்களைப் பிழை பார்க்கப் போன இடத்தில், தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் மதராசுக்குக் கப்பலேறிவிட்டார் என்று ராவுத்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த வியாழனுக்குள் நாலு பக்கம் வேண்டும் என்றார்.

கதை இதுதான். கடலுக்கு நடுவே ஏழு தீவுகள், ஏழுக்கும் ஒரே ராணி. நிழல் விழாத மனிதர்களின் படை ஒன்று தீவு தீவாகப் பிடித்துக்கொண்டு வருகிறது. அவர்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: கடைசித் தீவின் முனையில் எரியும் பெரிய விளக்கு. அரண்மனை விழுகிற நாளில் ராணி தன் ஆண் குழந்தையை அந்த விளக்கைக் காக்கும் பெண்ணிடம் ஒப்படைத்து, அவன் யார் பிள்ளை என்று யாரிடமும் சொல்வதில்லை என்று சுடர்மேல் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். சொன்னால் சுடர் அணைந்துவிடும். சுடர் அணைந்தால் நிழல் விழாதவர்கள் கரையேறிவிடுவார்கள். பையன் விளக்குக்காரியையே தாய் என்று நம்பி வளர்கிறான். வளர வளர, கடல் பறவைகள் ஏன் தன்னைக் கண்டால் மட்டும் தலை தாழ்த்துகின்றன என்று அவளைக் கேட்கத் தொடங்குகிறான். அவள் ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றுகிறாள்.

இந்த இடத்திலேயே கதையைப் பல வாரங்கள் நிறுத்தி வைத்திருந்தேன். ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ராவுத்தருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போதைக்கு அவள் வாயைத் திறக்கவே கூடாது என்றார். நானும் சரி என்றேன். அவளைப் பேச வைக்க எனக்கும் மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் நானும் தம்பியும் மட்டும்தான். அப்பா ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். தம்பிக்கு நடை பழகிக்கொண்டிருந்த வயதில் இறந்துபோனார். அம்மா இறக்கும்போது தம்பிக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து நாலு. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டது, படிக்க வைத்தது, காய்ச்சலில் பக்கத்தில் இருந்தது எல்லாம் நான்தான். இப்போது அவன் துறைமுக ஆபீசில் கிராணி. இருபத்தொரு வயது. என்னைவிட ஒரு முழம் உயரம்.

அவன் எங்கள் அம்மா பெற்ற பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியும்.

எனக்குப் பதினைந்து வயதில் நடந்தது அது. எங்களுக்கு அடுத்த வீட்டில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி வீட்டு வேலைக்கு இருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னைப் பாப்பா என்பாள். அதே வீட்டில் வாடகைக்கு இருந்த ஒருவன் கல்யாணம் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அவள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் ரங்கூன் கப்பலில் ஏறிப்போய்விட்டான். அந்த வீட்டார், ஊருக்குப் போய்விட்டாள் என்று தெருவில் சொல்லிவிட்டு, அவளை வெளியே அனுப்பினார்கள். அம்மா அவளை யாருக்கும் தெரியாமல் கூட்டிவந்து எங்கள் மாடி அறையில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அம்மா. அவள் ஒரு முடிவு செய்தாள். வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு, தனக்குத்தான் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். வீட்டில் ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து மாதம் நிறுத்தினாள். நான் வெளியே போகவில்லை. மாடியில் இருந்தவளுக்குக் கஞ்சி எடுத்துப்போவதும் துணி அலசுவதும் என் வேலை.

பிறந்த எட்டாம் நாள் காலை, பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நான்தான் ஞானத்தாய். அப்போதிருந்த பிரெஞ்சுக்காரச் சாமியாரிடம் அம்மா ஏதோ கெஞ்சினாள். அவர் பதில் சொல்லாமல் பெரிய புத்தகத்தில் லத்தீனில் எழுதிவிட்டு மூடினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அம்மா கேட்டபடியே எழுதியிருப்பார் என்று இருபத்தொரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெற்றவள் சில மாதங்களில் நார்த்தம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு ஆயாவாகப் போனாள். கிறிஸ்மஸ் மாதிரியான பெரிய நாட்களில் கேக்கும் பழமும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். தம்பி அவளைச் சின்னம்மா என்று கூப்பிடுவான். அவள் அவன் தலையில் ஒரு முறை கைவைத்துவிட்டு எடுத்துக்கொள்வாள். அவ்வளவுதான். அப்படித்தான் இருப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அம்மா என்னிடமும் வாங்கிக்கொண்டாள். காய்ச்சல் கண்டு படுத்த ஆறாம் நாள் மத்தியானம், சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"அவன் என் புள்ள. நான் போனாலும் என் புள்ளதான். சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்றேன். அடுத்த நாள் போய்விட்டாள்.

தம்பிக்குப் பெண் பார்த்தது கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜத்தில். பெண்ணின் அப்பா அங்கேயுள்ள கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். சுத்தமான மனிதர், கண்டிப்பானவர். பெண்ணுக்கு என் தம்பியைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாணத்தை அறிவிக்கும் முதல் ஓலை வாசிக்க வேண்டும், அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டு வேண்டும் என்று உபதேசியார் எழுதியிருந்தார். சீட்டு அவர் கைக்குத்தான் போகும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சாமியார் பங்களாவுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பழைய சாமியார் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போதிருந்தவரும் பிரெஞ்சுக்காரர்தான். புத்தகத்தில் தமிழ் படித்தவர், அப்படியே பேசுவார். பெரிய புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். லத்தீன் தெரியாவிட்டாலும் பெயர் படிக்கத் தெரியுமே. தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பெயர் இல்லை. அக்காவின் பெயர் இருந்தது. தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு சொல். அறியப்படாதவர் என்று அதற்கு அர்த்தம் என்றார் சாமியார். ஞானத்தாயின் இடத்தில் என் பெயர்.

வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். சீட்டில் வேறு மாதிரி எழுதித்தர முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அம்மா, எழுதியதை நான் மாற்ற இயலாது. ஆனால் இதை அவன் காகிதத்திலிருந்து அறியக்கூடாது. உம்மிடமிருந்து அறியட்டும். சனிக்கிழமை வரை நான் காத்திருப்பேன்."

அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். சர்வேசுரனுக்கு நேர்ந்துகொண்டதென்றால் விலக்குக் கொடுக்க வழி இருக்கிறது, செத்துப்போன தாய்க்குக் கொடுத்த வார்த்தைக்குத் தன் புத்தகங்களில் எதுவும் இல்லை என்று கையை விரித்தார்.

பினாங்கு ரோட்டில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. யாராவது ஒருவர் எனக்காக முடிவு செய்வார்கள் என்று இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்பது அந்த நடையில்தான் புரிந்தது. சத்தியம் வாங்கியவள் இல்லை. அவளிடம் போய்க் கேட்க முடியாது. யாருக்காக வாங்கினாளோ அவன் இருக்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தெருப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று பயந்து வாங்கிய வாக்கு அது. அந்த ஒன்பது வயதுப் பிள்ளை இப்போது இல்லை. இருபத்தொரு வயது ஆண்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் கட்டப்போகிறான். வீட்டு வாசலில் குடையை மடக்கும்போது முடிவு செய்துவிட்டேன். சொல்வேன். சனிக்கிழமை சொல்வேன்.

ஆனால் பாதி ரகசியம் என்னுடையது இல்லை. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்ததும் நார்த்தம் ரோட்டுக்குப் போனேன்.

பங்களாவின் பின்பக்கம், வேலைக்காரர்கள் இருக்கும் வரிசையில், அக்கா கரிப்பெட்டி வைத்துக் குழந்தைகளின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. தலையின் முன்பக்கம் நரைத்திருந்தது. நான் வந்த காரணத்தைக் கேட்டுக்கொண்டே, கையை நிறுத்தாமல் தேய்த்தாள்.

"வேணாம் பாப்பா. உங்கம்மா தலையில கைவெச்சுச் சொல்லிருக்கேன், வாயத் தொறக்கமாட்டேன்னு."

நானும்தான் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"அப்பறம் என்ன? கல்யாணமே நின்னுபோனாலும் போகட்டும். வேற பொண்ணு கெடைக்காதா?" ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "இங்க குசினியில ஒரு பத்திரிகை வருது. சமையக்காரர் எங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுவாரு. அதுல ஒரு விளக்குக்காரி இருக்கா. சத்தியத்த மீறுனா வெளிச்சம் அணைஞ்சிரும். எவ்வளவு சூசா, கஷ்டம் பட்டாலும் அவ வாயத் தொறக்குறாளா பாரு. நானும் அவளாட்டம்தான்னு நெனச்சுக்குவேன். அதக் கேட்டுட்டுத்தான் இப்பல்லாம் தெம்பா இருக்கேன்."

அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். படிக்கத் தெரியாத ஒருத்தி, பெற்ற பிள்ளையை இருபத்தொரு வருஷம் தள்ளி நின்று பார்த்தவள், நான் வாரா வாரம் எழுதிய நாலு பக்கத்தை வைத்துத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். சுடர் அணையும் என்று எழுதியது நான். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை.

"அந்தக் கதைய எழுதுறது நான்தான்க்கா" என்றேன்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னப் பாத்தா எழுதுன?"

"இல்ல. என்னப் பாத்து எழுதியிருக்கேன். எனக்கே இப்பத்தான் தெரியுது."

கடல் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரக் குழந்தைகள் விளையாடும் சத்தம் வந்தது. அவள் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்தாள், அது அவள் வேலை. பிறகு, அவன் தன்னைப் பார்த்து அசிங்கப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அது அவன் பாடு என்றேன். இப்போது நினைத்தால் அது கல் மனசுப் பேச்சாகத்தான் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி பேசியிருந்தால் நான் பின்வாங்கியிருப்பேன்.

"உங்ககிட்ட உத்தரவு கேக்க வரலக்கா. சொல்லப்போறேன்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான் வந்தேன்."

நான் எழுந்து வாசலுக்கு வந்தபிறகு பின்னாலேயே வந்தாள்.

"அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிரு. தூக்கிப் போடலன்னு சொல்லு. குடுத்தேன்னு சொல்லு."

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். ஒரு மணிக்குத் தம்பி வந்தான். மீன் குழம்பு வைத்திருந்தேன். அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக மனசுக்குள் எழுதிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் பத்திரிகையில் வரும் வாக்கியங்கள் மாதிரி இருந்தன. எதையும் சொல்லவில்லை.

"அம்மா உன்னப் பெத்தவங்க இல்லடா" என்றேன்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தெரியும்."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ரொம்ப வருஷமாத் தெரியும்க்கா. நீ எப்ப சொல்வேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நான் உன் வயித்துல பொறந்தவன்தானே?"

அவனுக்குப் பன்னிரண்டு வயதில், கோயிலில் பூசைக்கு உதவி செய்யும் பையன்களில் ஒருவன் சொல்லியிருக்கிறான். அவனை அடித்துவிட்டு வந்திருக்கிறான். சட்டை கிழிந்து வந்த நாள் எனக்கு நினைவிருந்தது, கீழே விழுந்தேன் என்றுதான் அன்று சொன்னான். அதன்பிறகு தெருவில் வேறு இடங்களிலும் காதில் விழுந்திருக்கிறது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஐந்து மாதம் வீட்டுக்குள் இருந்தது யார் என்று தெரு கணக்குப் போட்டிருந்தது. பத்து வருஷம் பிள்ளை பெறாத அம்மா திடீரென்று வயிறு தள்ளி நடந்தது மகளைக் காப்பாற்றத்தான் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியாது. கேட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று ஒன்பது வருஷம் அவன் கேட்கவில்லை. விளக்குக்காரி கதை வந்தபோது, அதைத் தன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைத்தானாம்.

இல்லை என்றேன். நான் இல்லை. யார் என்று சொன்னேன். மாடி அறை, கஞ்சி, ரங்கூன் கப்பல், புத்தகத்தில் உள்ள பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொல்லச் சொன்ன ஒன்றையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். அவன் எழுந்துபோய்க் கை கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

"நீயா இருந்திருக்கலாம்" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

அன்றைக்கு அவன் வெளியே போன பிறகு நான் அந்த மேசை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்பு ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்தது, பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒன்று. இரண்டும் நல்லபடியாக வந்து, கோயிலில் விசாரித்தபிறகு சத்தமில்லாமல் நின்றுபோயின. நான் நிறம் காரணம் என்று நினைத்தேன், உத்தியோகம் பார்க்கும் பெண் என்பது காரணம் என்று நினைத்தேன். இப்போது தெரிந்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற அம்மா செய்த காரியத்தில் இன்னொரு பெண்ணின் மானம் போயிருக்கிறது. அது அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் சாகும்போது என் கையை அவ்வளவு அழுத்தினாளா? அம்மாமேல் வந்த கோபம் பல மாதம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் அழவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்தேன். இனி நான் யாருக்கும் எதையும் மூடி வைக்க வேண்டியதில்லை என்ற ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் ஓலை வாசிக்கவில்லை. நிறுத்திவைக்கும்படி தம்பியே போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, சீட்டையும் தானே வாங்கிக்கொண்டான். பூசை முடிந்ததும், அக்கரைக்குப் போகிறேன், நீயும் வா என்றான். படகில் அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் கூட்டத்தில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான்.

உபதேசியார் சீட்டை இரண்டு முறை வாசித்தார். அவருக்கு லத்தீன் தெரியும். மனைவியை உள்ளே போகச் சொன்னார். கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் பெருந்தன்மையாக நடந்துகொள்வதாகத்தான் அவர் நினைத்தார்.

"கல்யாணம் நடக்கட்டும் தம்பி. அந்தம்மா மட்டும் வரவேணாம். இந்தக் காகிதம் என் பொட்டிக்குள்ள கெடக்கும். வெளிய ஒரு வார்த்த போகாதுன்னு நீங்க ரெண்டு பேரும் எனக்கு வாக்குக் குடுத்துருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான்.

"எங்க வீட்டுல இனிமே யாரும் அப்படி வாக்குக் குடுக்கமாட்டாங்க மாமா."

மரியாதையாகத்தான் சொன்னான். சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உள்வாசல் திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது. நாங்கள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

இக்கரையில் படகை விட்டு இறங்கியதும், தான் நார்த்தம் ரோட்டுக்குப் போவதாகச் சொன்னான். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். அங்கே என்ன பேசினார்கள் என்று முழுதாக எனக்குத் தெரியாது. அக்கா பிறகு கொஞ்சம்தான் சொன்னாள். அவன் பின்பக்கக் கதவில் வந்து நின்றானாம், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தானாம், அப்பன் பெயர் என்ன என்று கேட்டானாம். அவள் சொன்னாளாம். அந்தப் பெயரை நான் இருவரிடமும் கேட்டதில்லை.

அந்த வாரம் நான் எழுதிய நாலு பக்கத்தைப் படித்ததும் ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். விளக்குக்காரி பையனிடம் சொல்லிவிட்டாள். சுடர் அணைந்தது. நிழல் விழாதவர்கள் கரையேற வந்தார்கள். தீவு ஜனங்கள் அவரவர் வீட்டு அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். கரை முழுக்க வெளிச்சம்.

"சத்தியத்த மீறுனவளுக்குத் தண்டனை எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டார். "ஜனங்க ஒத்துக்கமாட்டாங்க. இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம் இத."

இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்ததே போதுமான தண்டனை என்றேன். மாற்றி எழுதமாட்டேன், வேண்டுமென்றால் அவரே வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தாள்களை அச்சுக்கோர்ப்பவரிடம் கொடுத்துவிட்டு, எனக்குத் தேநீர் சொன்னார்.

அவர் சொன்னபடிதான் ஆனது. திட்டிக் கடிதங்கள் குவிந்தன. இந்தக் கதையை எழுதியவனுக்குச் சத்தியம் என்றால் என்னவென்று தெரியாது என்று ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். சத்தியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். என் கதையில் ஒரு பொய்யும் இருந்தது, அதை எந்த வாசகரும் எழுதவில்லை. கதையில் ரகசியம் உடைந்ததும் விளக்குக்காரியின் மகன் ராஜகுமாரன் ஆகிவிட்டான். எங்கள் வீட்டில் ரகசியம் உடைந்ததும் கிராணியின் மகன் ஆயாவின் மகனானான். அப்படித் தெரிந்தபிறகும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதே ஆபீசுக்கு, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். ராஜகுமாரனைவிட அவனுக்கு அதிக தைரியம் வேண்டியிருந்தது.

மூன்று மாதம் அக்கரையிலிருந்து சத்தமே இல்லை. உபதேசியார் வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். பிறகு ஒருநாள் உபதேசியாரே எங்கள் படியேறி வந்தார். பெண் வேறு யாரையும் பார்க்க மறுத்துவிட்டாளாம். அழவில்லை, சண்டை போடவில்லை. அவர்கள் கோயில் சாமியாரிடம் போய், நான் ஒருவருக்குச் சம்மதம் சொன்னேன், அதை நான் திரும்ப வாங்கவில்லை, என் அப்பாதான் வாங்கினார் என்று சொல்லியிருக்கிறாள். சம்மதம் என்றால் என்ன என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இதை அவரே எங்களிடம் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. காபியைக் குடித்து முடித்தபிறகு, அந்தம்மாவும் வரட்டும் என்றார்.

நாற்பது நாள் தபசுகாலம் கழிந்து, கர்த்தர் உயிர்த்த பாஸ்கு திருநாளுக்குப் பிறகு கல்யாணம். அக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கோயிலின் பின்பக்கம் நின்றவளைத் தம்பி வந்து கையைப் பிடித்து முன் பெஞ்சுக்குக் கூட்டிப்போனான். இது யார் என்று கேட்டவர்களிடம் எல்லாம், என்னைப் பெற்றவங்க என்று சொன்னான். ஆனால் அவளைக் கூப்பிட்டது சின்னம்மா என்றுதான். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டான். அம்மா என்ற வார்த்தை அவனுக்கு எங்கள் அம்மாவோடு முடிந்துவிட்டது. அக்காவுக்கு அதில் குறை இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். அவன் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன் என்றாள். உபதேசியார் கல்யாண விருந்தில் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் தம்பி வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்டார்.

தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் சிலர் என்னிடம் வந்தார்கள். இத்தனை நாள் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருத்தி அழுதாள். நான் அவர்களோடு சேர்ந்து அழவில்லை, அவர்களைத் திட்டவும் இல்லை. காபி கொடுத்து அனுப்பினேன். இப்போதாவது ஒரு வரன் பார்க்கலாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். முப்பத்தேழு வயதில் என்னை எடைபோட்டுப் பார்க்க இன்னொருமுறை யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் தைப்பிங்கில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை வேண்டும் என்று தெரிந்தது. யாரிடமும் கேட்காமல் எழுதிப்போட்டேன், கிடைத்தது. வீட்டைத் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் விட்டேன். எங்களை விட்டுவிட்டுப் போகிறாயா என்று அவன் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் அக்கரையில் பிறை என்ற ஊரின் ரயிலடி வரை வந்து என் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு, வண்டி கிளம்பும்வரை நின்றான்.

தைப்பிங்கில் மழை அதிகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் நாள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. பெஞ்சுகளை நகர்த்திப் போட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டு, இடைவேளையில் ஓடு மாற்றத் தெரிந்த ஆள் தேடிக் கடைத்தெருவுக்குப் போனேன்.